விதைநெல்லுக்குள் ஒரு மரபணு

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரே மூச்சில் முடியாதவர்கள் சேமித்து வைத்து மெதுவாக வாசிக்கலாம்.

எங்கள் கூடங்குளத்தில் கதிர்வீச்சு என்ற சொல் டீக்கடை பெஞ்சில்கூடப் புழங்கும். அணுஉலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. எடுத்தால் பின்னூட்டத்தில் நம் ஆட்களே சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நம் ரத்தம் எங்கே, எப்படி உற்பத்தியாகிறது என்பதை உலகம் தெரிந்துகொண்டதே பெரும்பாலும் கதிர்வீச்சின் புண்ணியத்தில்தான். அங்கே தொடங்கினால்தான் வேலூரில் நடந்த விஷயத்துக்கு வந்து சேர முடியும்.

1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தபோது தப்பிய பலர், சில வாரங்கள் கழித்து ரத்தம் கசிந்தும் காய்ச்சல் கண்டும் செத்தார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை கருகிப்போனதுதான் காரணம். 1949-இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் என்பவர் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிவைத்தார். அந்த எலிகள் பிழைத்தன. அடுத்து, மஜ்ஜையை ஊசியில் ஏற்றினாலும் எலி பிழைக்கும் என்று தெரிந்தது.

மனிதனுக்கு அதைச் செய்யும் சந்தர்ப்பத்தைக் கொடுத்ததும் ஓர் அணுஉலைதான். யூகோஸ்லாவியாவில் பெல்கிரேடுக்குப் பக்கத்தில் வின்சா என்ற இடத்தில் ஓர் ஆய்வு உலை இருந்தது. 1958 அக்டோபர் 15 அன்று அது கட்டுப்பாட்டை மீறியது. ஆறு பேர் கதிர்வீச்சில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர் ஐந்து பேருக்குப் பிறர் கொடுத்த மஜ்ஜையை ஏற்றினார். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஏற்றிய மஜ்ஜை காப்பாற்றியதா, அவர்களுடைய சொந்த மஜ்ஜையே தேறிவந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1961-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லாக் என்ற இருவர் கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு மஜ்ஜை ஏற்றினார்கள். சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தபோது மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்தது என்று பிறகு நிரூபித்தார்கள். ரத்த ஸ்டெம் செல் என்று ஒன்று உண்டு என்பதற்கு முதல் வலுவான சான்று அதுதான்.

ஸ்டெம் செல் என்றால் என்ன என்று கேட்டால் நான் விதைநெல்லைச் சொல்வேன். தாமிரபரணிக் கரையில் பழைய விவசாயிகள் அறுத்த நெல்லில் ஒரு பங்கை வேப்பிலை போட்டுக் குலுக்கைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். வீட்டில் உலை காய்ந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். மஜ்ஜைக்குள்ளும் அப்படித்தான். நம் உடம்பில் ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கில் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூலமான ஸ்டெம் செல் மட்டும் அநேகமாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை பிரிந்தால் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். ஓயாமல் பிரியும் செல் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆயுள் முழுக்க ரத்தம் தரவேண்டிய செல் தூங்கித்தான் ஆகவேண்டும்.

இந்தத் தூக்கம்தான் பின்னால் வந்த விஞ்ஞானிகளை முப்பது நாற்பது வருடம் அலைக்கழித்தது.

பிறவியிலேயே ஒரு மரபணு கெட்டிருப்பதால் வரும் ரத்த நோய்கள் பல. தலசீமியா, அரிவாள் செல் சோகை, ஹீமோபிலியா. ஸ்டெம் செல்லுக்குள் ஒரு நல்ல மரபணுவைச் சேர்த்துவிட்டால் அதிலிருந்து பிறக்கும் எல்லாச் செல்லிலும் அது இருக்கும். விதையைத் திருத்திவிட்டால் வயலையே திருத்தின மாதிரி. யோசனை எளிது. மரபணுவை உள்ளே கொண்டுபோவது யார்?

அதற்கு வைரஸைப் பிடித்தார்கள். செல்லுக்குள் தன் மரபணுவை நுழைப்பதுதானே வைரஸின் குலத்தொழில். ரெட்ரோவைரஸ் என்ற குடும்பம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தன்னைக் கோத்துக்கொள்ளும். அதற்கு முன்படியாகத் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியை 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்து 1975-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1984-இல் எலிகளுக்கு வரும் ரெட்ரோவைரஸ் ஒன்றை வண்டியாக்கி, எலியின் ரத்த ஸ்டெம் செல்லுக்குள் ஒரு மரபணுவை ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் மனித ஸ்டெம் செல்லில் அதே வண்டியை ஓட்டிப் பார்த்தபோது நூறு செல்லில் ஒன்றுகூடத் தேறவில்லை. தொண்ணூறுகளின் ஆரம்பம் முழுக்க இதே கதை.

காரணம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. மைட்டாசிஸ் படம் வரைந்து பாகம் குறித்த பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். செல் பிரியும்போது உட்கரு சவ்வு மறைந்துவிடும், பிறகு மறுபடி உருவாகும். எலி ரெட்ரோவைரஸ் சவ்வு மறையும் அந்தச் சமயம் பார்த்துத்தான் டி.என்.ஏ.வை நெருங்க முடியும். கோயில் கொடைக்கு ஊரே திரண்டு போயிருக்கும்போது திறந்த வீட்டில் நுழையும் திருடனைப் போல. தூங்கும் செல்லில் கொடையும் இல்லை, திறந்த கதவும் இல்லை. வைரஸ் திண்ணையில் காத்திருந்து காத்திருந்து சிதைந்துபோகும்.

சரி, செல்லைத் தட்டி எழுப்பிவிட்டால் என்ன? எழுப்பினார்கள். வளர்ச்சிப் புரதங்களைக் கொடுத்தால் எழுந்து பிரியும். ஆனால் அங்கே வேறு வினை. நாள்கணக்கில் எழுப்பி வைத்த ஸ்டெம் செல் தன் குணத்தையே இழந்துவிடுகிறது. முளைகட்டின நெல்லை மறுபடி குலுக்கைக்குள் போட்டு மூடமுடியுமா? மரபணு ஏறின செல்லில் விதைத்தன்மை இல்லை, விதைத்தன்மை இருந்த செல்லில் மரபணு ஏறவில்லை.

பூட்டிய வீட்டுக்குள்ளும் போகத் தெரிந்த வைரஸ் ஒன்று அப்போது உலகையே கலக்கிக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று 1986-க்குப் போகவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். இந்தியாவில் எய்ட்ஸ் கிடையாது என்று பெரியவர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில்தான் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். அதே 1986-இல், அதே சி.எம்.சி.யில்தான் டாக்டர் மாமன் சாண்டி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையையும் தொடங்கினார். ஒரே வளாகத்தில் ஒரே வருடத்தில் நடந்த இரண்டு காரியங்கள். இவை இரண்டும் ஒருநாள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று அன்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஹீமோபிலியாக்காரர்களுக்கு எச்.ஐ.வி. என்றால் எமன். ரத்தம் உறைவதற்கு எட்டாம் காரணி என்றொரு புரதம் வேண்டும். அது இல்லாமல் பிறந்தவர்களுக்கு எழுபதுகளில் மேல்நாடுகளில் பொடிமருந்து வந்தது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து எடுத்த மருந்து. அதில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் போதும். அமெரிக்காவில் ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படித் தொற்றியது. ரையன் வைட் என்ற பையனைப் பள்ளிக்கூடத்துக்கே வரவிடாமல் தடுத்தார்கள். 1990-இல் பதினெட்டு வயதில் அவன் இறந்தான். ஓர் ஆசிரியனாக அந்தக் கதை எனக்கு என்றைக்கும் உறுத்தும்.

எச்.ஐ.வி. சேர்ந்த கிளைக்கு லென்டிவைரஸ் என்று பெயர். இது பிரியாத செல்லின் உட்கருவுக்குள்ளும் போகும். சவ்வு மறையும்வரை காத்திராது. சவ்வில் இருக்கும் நுண்துளை வழியாகவே நுழைந்துவிடும். 1996-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் லூய்ஜி நால்டினி, டிடியே ட்ரோனோ, நம் பஞ்சாபின் சங்ரூரில் பிறந்த இந்தர் வர்மா ஆகியோர் அடங்கிய குழு இதை வண்டியாக்கியது. நோய் உண்டாக்கும் மரபணுக்களைக் கழற்றி எறிந்தார்கள். வைரஸ் பெருகத் தேவையான பாகங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தார்கள். மேலுறையைக் கழற்றிவிட்டு, கால்நடைகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் உறையை மாட்டினார்கள். வளர்ந்த எலியின் மூளையில் நரம்புச் செல் பிரிவதே இல்லை. அதற்குள் மரபணு போய் உட்கார்ந்தது.

இதைச் சும்மா எழுதவில்லை. சென்ற வருடம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் எண்பதுகளில் என் மாணவன். மாதத்தில் பத்து நாள் முட்டி வீங்கி வீட்டில் கிடப்பான். நரம்பு பிசகியிருக்கிறது என்று யாரோ சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். ஹீமோபிலியாவில் மூட்டுக்குள் ரத்தம் கசியும்போது நீவினால் என்னவாகும்? வீக்கம் இரண்டு மடங்கானது. கால் மடங்கினது மடங்கினதுதான். இப்போதும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். இந்த நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்கும், பெண்கள் வழியாகக் கடக்கும். தங்கைக்குப் பிறந்த பையனுக்கும் வந்துவிட்டது.

“சார், வேலூர்ல ஊசி போட்டு இத ஒரேயடியா குணமாக்குதாங்களாமே, நெசந்தானா? எய்ட்ஸ் கிருமிய ஏத்துதாங்கன்னும் சொல்லுதாவ. எங்க மாமனாரு வேண்டவே வேண்டாங்காவ.”

வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு செய்திகளை அவள் காட்டினாள். ஒன்று, நோய் ஒழிந்தது என்றது. இன்னொன்று, எய்ட்ஸ் பரப்புகிறார்கள் என்றது. இரண்டும் தப்பு. அவளுக்குச் சொன்னதைத்தான் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வேலூர்ச் சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. சி.எம்.சி.யின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், அங்கேயே உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து ஆண்கள், வயது 22 முதல் 41 வரை. அவர்களுடைய ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கவைத்துப் பிரித்தெடுத்தார்கள். வெளியே வைத்து, எட்டாம் காரணிக்கான மரபணுவை லென்டிவைரஸ் வண்டியில் ஏற்றி அவற்றுக்குள் அனுப்பினார்கள். அந்த மரபணுவில் ஒரு வேடிக்கை உண்டு. மனித எட்டாம் காரணி சோம்பேறி, செல்லைவிட்டு லேசில் வெளியே வராது. பன்றியின் எட்டாம் காரணி சுறுசுறுப்பு. அதனால் பன்றியின் சில பகுதிகளை மனிதனுடையதோடு கோத்து ஒட்டுச்செடி மாதிரி ஒரு மரபணுவை எமரியில் செய்திருந்தார்கள். பிறகு கீமோதெரபி கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்து, திருத்திய செல்களைத் திருப்பி ஏற்றினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லென்டிவைரஸுக்குச் சாவி இருக்கிறது என்றேன். சாவி இருந்தும் ரத்த ஸ்டெம் செல்லுக்குள் போவது அதற்கும் கஷ்டம்தான். செல்லின் வெளிச்சுவரிலேயே வைரஸைத் தடுக்கும் காவல் புரதங்கள் உண்டு. அதைத் தாண்டினால், டி.என்.ஏ. கட்டத் தேவையான செங்கல்கூடத் தூங்கும் செல்லில் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு புரதமும் இருக்கிறது என்பது 2011 வாக்கில்தான் தெரிந்தது. அதனால் உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள், வைரஸோடு கூடச் சேர்த்தால் நுழைவைக் கூட்டும் துணைப்பொருள்களைத் தேடின. வைரஸையும் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நிறுத்தும் புரதத் துண்டு ஒன்று, சவ்வை இளக்கும் பாலிமர்கள், புரோஸ்டாகிளாண்டின், உறுப்பு மாற்றுக்காரர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், ராபமைசின் என்று ஒரு பலசரக்குப் பட்டியலே உண்டு. ஊறவைத்து முளைகட்டாமல், விதையை விதையாகவே வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பும் வழி.

வேலூரில் முதல் இருவருக்கு அந்தத் துணைப்பொருள் இல்லாமல் செய்தார்கள். அடுத்த மூவருக்குத் துணைப்பொருள் சேர்த்தார்கள். வண்டி அதே, மரபணு அதே, மருத்துவமனை அதே. எட்டாம் காரணியின் அளவு சாதாரண மனிதனுக்கு ஏறத்தாழ 50 முதல் 150 சதவீதம் இருக்கும். 1-க்குக் கீழே போனால் கடுமையான நோய். முதல் இருவருக்கு நடுவளவாகக் கிடைத்தது ஒருவருக்கு ஏறத்தாழ 5, மற்றவருக்கு 2-க்கும் குறைவு. துணைப்பொருள் சேர்த்த மூவருக்கோ 37, 19, 40.

செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இந்த ஒரு வரியை ஏறத்தாழ விட்டேவிட்டன. மரபணு சிகிச்சை, உலக சாதனை, வேலூருக்குப் பெருமை என்று எழுதினார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவின் உயிர்நாடி என்று நான் நினைப்பது இதைத்தான்: பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் முன்னாலேயே கையில் இருந்தும், முதல் இருவருக்கு மயிரிழை அளவுதான் கிடைத்தது. நுழைவாசலில் செய்த ஒரு சின்ன மாற்றத்தில் அது பல மடங்கானது. ஐந்தே பேர்தான், எனவே ஆணியடித்துச் சொல்லக்கூடாது. இருந்தாலும் இரண்டு குழுவின் எண்களும் எட்டிப் பார்க்கும் தூரத்தில்கூட இல்லை. சிகிச்சைக்குப் பிறகு அவர்கள் ரத்தத்தில் தென்பட்ட புதிய மரபணுவின் அளவும் அதே மாதிரிதான் பிரிந்து நின்றது.

ஐவருக்குமே அதன்பின் ஒரு தடவைகூட ரத்தக்கசிவு வரவில்லை. அளவு 2-ஐ எட்டாதவருக்கும் வரவில்லை. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம்.

ஈரலுக்கு மரபணுவை அனுப்பும் வேறொரு சிகிச்சை வெளிநாட்டில் ஏற்கெனவே விற்பனைக்கு வந்தது. 2023-இல் அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை 29 லட்சம் டாலராக இருந்தது. அதில் வண்டியாகப் போகும் வைரஸுக்கு உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு இருப்பவர்களுக்குக் கொடுக்கமுடியாது. வளரும் பிள்ளைகளுக்கும் சரிப்படாது, ஏனென்றால் அந்த மரபணு டி.என்.ஏ.வோடு கோத்துக்கொள்ளாமல் தனியாக நிற்கும். ஈரல் வளர வளர நீர்த்துப்போகும். ஸ்டெம் செல் வழியின் அருமை அங்கேதான். கோத்துக்கொண்டால் செல் பிரியும்போதெல்லாம் கூடவே வரும்.

ஆனால் கோத்துக்கொள்வதிலேயே ஆபத்தும் இருக்கிறது. அதை மறைத்து அந்தப் பெண்ணிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. பாரிஸில் அலேன் ஃபிஷரும் மரினா கவஸானாவும் நோயெதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பழைய ரெட்ரோவைரஸ் வண்டியால் குணப்படுத்தி 2000-இல் அறிவித்தார்கள். 2002-இல் அதில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது, பிறகு இன்னும் சிலருக்கு. மரபணு போய் உட்கார்ந்த இடம் புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்றுக்குப் பக்கத்தில். லென்டிவைரஸ் அந்த விதத்தில் மேல் என்றார்கள். மேல்தான். ஆனாலும் மூளையைத் தாக்கும் ஒரு பிறவி நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 பிள்ளைகளில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வகைகள் வந்ததாக 2024-இல் எழுதினார்கள். அந்த வண்டியில் மரபணுவை முடுக்கும் விசை மிகப் பலமானது. வேலூரில் பயன்படுத்திய விசை வேறு, சில வெள்ளையணுக்களில் மட்டும் வேலை செய்வது. அதனால் ஆபத்து குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பு வேறு, பல வருடம் கண்காணித்துக் கிடைக்கும் சான்று வேறு.

மாமனாருடைய பயத்துக்கும் பதில் சொன்னேன். ஏற்றுவது எச்.ஐ.வி. அல்ல. விஷப்பல்லும் வாலும் தலையும் வெட்டி எறிந்த பிறகு மிஞ்சிய கூடு. அது பெருகாது, அடுத்தவருக்குத் தொற்றாது. அவர் கேள்விக்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. ஹீமோபிலியாக்காரர்களை அந்தப் பெயர் கொன்ற விதத்தைப் பார்த்த எவரும் கேட்கத்தான் செய்வார்கள்.

இது இன்னும் சோதனைக் கட்டம். பையனுக்கு ஒன்பது வயது. வேலூரில் சிகிச்சை பெற்றவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அதுவரைக்கும் எட்டாம் காரணி ஊசியை விடக்கூடாது, தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதை இலவசமாகவே தருகிறார்கள். மூட்டு வீங்கினால் நீவக்கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. பல் பிடுங்கும் முன்னால் டாக்டரிடம் நோயைச் சொல்லவேண்டும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் உண்டு. சான்றிதழ் வாங்க முயற்சி செய்யச் சொன்னேன். அண்ணனுக்கும் சேர்த்து.

“எப்ப சார் நம்மளுக்கு வரும்?” என்று கேட்டாள்.

டி.என்.ஏ.வுக்குள் கோத்துக்கொள்ளும் மரபணுவை ஏற்றியவர்களை 15 வருடம் கண்காணிக்கவேண்டும் என்பது உலகளவில் உள்ள நடைமுறை. முடிவு வெளியானபோது வேலூர் ஐவரில் மிக அதிக நாள் கண்காணிக்கப்பட்டவருக்கு ஆகியிருந்தது 27 மாதம். ஐவரில் இளையவர் அந்தப் 15 வருடத்தை முடிக்கும்போது அவருக்கு வயது முப்பத்தேழைத் தொட்டிருக்கும்.